மெட்டீரியல் என்றால் துணி

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எங்கள் தெரு முழுக்க நம்பியது. நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் ஏழு வருடம் ஜெயிலில் இருந்தார். நியாயமாகத்தான் இருந்தார். ஆனாலும் அந்த வார்த்தையை இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

திண்டுக்கல் டவுனில் பிறந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த நான், ஐம்பதுகளின் நடுவில் சின்னாளபட்டியில் ஒரு நெசவுத் தெருவுக்கு மருமகளாகப் போனேன். என் வீட்டுக்காரருக்கு மதுரையில் மில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை போய்விடுவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் மாமனார், மாமியார், நான், ஒரு தறி. மாமனார் நெய்வார், சாயமும் போடுவார். அத்தை என்று நான் கூப்பிடும் மாமியாரும் நானும் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவோம். துணியைக் கடுகளவு கடுகளவாகப் பிடித்து நூலால் இறுக்கிக் கட்டி, பிறகு சாயத்தில் முக்கினால், கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். முதல் மாதம் என் விரல் நுனியெல்லாம் வெடித்துப்போனது. படித்த பெண்ணுக்கு இது தேவையா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன்.

என் படிப்புக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு வேலை இருந்தது. பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வியாபாரிகள் இங்கிலீஷில் கடிதம் போடுவார்கள். மெட்டீரியல் வந்து சேர்ந்தது, மெட்டீரியல் அகலம் போதாது, மெட்டீரியல் சாயம் போகிறது. வாரம் தவறாமல் அந்த வார்த்தை வரும். "துணி வந்துருச்சாம் மாமா", "துணி அகலம் பத்தலையாம் மாமா" என்று கடகடவென்று படித்துச் சொல்வேன். மாமா தறியை நிறுத்திவிட்டு, வந்திருப்பவர்களைப் பெருமையாகப் பார்ப்பார். எனக்குத் தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

எதிர் வீட்டில் மாமாவின் தங்கையும் அவர் மகனும் மகனின் மனைவியும் இருந்தார்கள். அந்த மகன் முறைக்கு எனக்கு அண்ணன். அவர் மனைவியும் நானும் ஒருவரையொருவர் மதினி என்றே கூப்பிட்டுக்கொள்வோம். மதினி குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு வானம் பார்த்த காட்டு ஊர்க்காரி. கம்பும் சோளமும் பார்த்து வளர்ந்தவளுக்குத் தறியும் தெரியாது, முடிச்சும் தெரியாது. எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து என்னிடம் கற்றுக்கொண்டாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே முடிச்சுப் போடுவாள். எண்ணிக்கை தப்பினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவள் புருஷன் நல்ல நெசவாளி, யாரிடமும் சத்தமாகப் பேசமாட்டார். அவர் வீட்டுத் தறிச் சத்தம் திடீரென்று நின்றால் மட்டும் மதினியின் விரல்களும் நின்றுவிடும். அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

ஒரு நாள் காலையில் அவள் ஒரு மஞ்சள் சேலையை உள்பக்கமாக மடித்துக்கொண்டு வந்தாள். முக்காடு போட்டிருந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து அரைத்த மஞ்சள் வாடை வந்தது.

"பெரியப்பா, இதை அரக்குச் சாயத்துல முக்கித் தரணும்" என்றாள் மாமாவிடம்.

மாமா பிரித்துப் பார்த்தார். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த ரத்தம். நடுவில் துணி கிழிந்திருந்தது.

"நாடா பட்டுருச்சு பெரியப்பா" என்றாள்.

நாடா என்பது தறியில் ஊடு நூலைச் சுமந்துகொண்டு இப்படியும் அப்படியும் ஓடும் கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். அது தறிக்குள்தான் ஓடும். பெண்பிள்ளையின் தலைக்கு எப்படிப் பறந்து வந்தது என்று மாமா கேட்கவில்லை. அத்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"ரத்தக்கறை மேல சாயம் சீராப் பிடிக்காது தாயி. முதல்ல பச்சத் தண்ணியில ஊறப்போட்டு அலசணும். வச்சுட்டுப் போ" என்றார் மாமா. நிலுவை வேலை நிறைய இருந்ததால் அலசுவது தள்ளிக்கொண்டே போனது.

நான்கு நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் மதினி மறுபடி வந்தாள். நான் பெங்களூர்க் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். என்னைச் சுற்றிக் காகிதமும் மையும் இருந்தால் நான் கொஞ்சம் கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

"மதினி, எங்க அய்யாவுக்கு ஒரு லெட்டர் எழுதணும்."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டேன். "முக்கியமா மதினி?"

அவள் திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"அம்புட்டு முக்கியமில்ல. நாளைக்கு எழுதிக்கலாம்" என்றாள்.

"சரி, நாளைக்கு வாங்க" என்றேன்.

மறுநாள் விடிந்தபோது அவள் தெருக்கோடிக் கிணற்றில் கிடந்தாள். மாமாதான் கயிறு கட்டி இறங்கித் தூக்கினார். தண்ணீர் இறைக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாள், கல்லில் தலை அடிபட்டுவிட்டது என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. போலீஸ் வந்து எழுதியது. பிணத்தைப் பார்த்த ஐந்து பெரிய மனிதர்களில் ஒருவராக மாமாவும் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் மதினியின் அய்யா பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வெயிலில் கறுத்த ஒல்லி மனிதர். அவர் அழவில்லை. மகளின் தலைமயிரை விலக்கிக் காயத்தைப் பார்த்தார். அடக்கம் முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். பத்து நாளில், மருமகன்தான் அடித்துக் கிணற்றில் தள்ளினான் என்று திண்டுக்கல் கோர்ட்டில் பிராது கொடுத்துவிட்டார் என்ற சேதி வந்தது.

அண்ணனைப் பிடித்துப் போனார்கள். கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்தார். வந்த அன்றே தறியில் உட்கார்ந்துவிட்டார். எதிர் வீட்டிலிருந்து விடிந்ததுமுதல் இருட்டும்வரை அந்தச் சத்தம் நிற்காமல் வரும். நின்றால் எனக்குப் பயமாக இருக்கும். நிற்காவிட்டாலும் பயமாக இருக்கும்.

மஞ்சள் சேலை என்ன ஆயிற்று என்று அத்தையிடம் கேட்டேன். "தூக்கிப் போட்டாச்சு. அதைப் பத்தி வாயத் திறக்காத" என்றார்.

அப்படியிருக்கும்போதுதான் சம்மன் வந்தது. மாமாவின் பெயருக்கு வந்திருந்தது. பாதி அச்சு, பாதி கையெழுத்து, எல்லாம் இங்கிலீஷ். கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாமா தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டபடி, "படி ஆத்தா" என்றார். நாள், நேரம், இடம் எல்லாம் சொன்னேன். பிறகு, மெட்டீரியல் எவிடன்ஸ் தருவதற்கு வரவேண்டும் என்று இருந்தது. எவிடன்ஸ் என்றால் சாட்சி. மெட்டீரியல்தான் எனக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே.

"துணிச் சாட்சி குடுக்க வரணுமாம் மாமா. துணியைக் கொண்டாரச் சொல்றாங்க" என்றேன்.

அத்தை கையிலிருந்த முடிச்சுச் சேலையைக் கீழே போட்டார். மாமாவின் கண் என்னைப் பார்க்கவில்லை. தறிக்குழிக்குள், தன் காலடியில், மூலையைப் பார்த்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சேலையைத் தூக்கிப் போடவில்லை. செத்தவளின் துணியை எரிக்கவும் மனம் வராமல், அலசவும் தைரியம் வராமல், மாமா அதைச் சுருட்டித் தறிக்குழி மூலையில் செருகி வைத்திருந்தார். இத்தனை நாளும் அதன் பக்கத்தில்தான் மிதிகட்டையை மிதித்து நெய்திருக்கிறார்.

"துணி இருக்குன்னு அவங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றார் மாமா.

அந்தக் கேள்வி அன்று மாலைக்குள் எதிர் வீட்டுக்கும் போய்விட்டது. யார் சொன்னது? மதினி சேலையோடு வந்ததைப் பார்த்தது யார்? மாமாவின் தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு போன என்னை வழிமறித்தார்.

"ஏத்தா தங்கச்சி, துணியவா கேட்டுருக்கான்?"

"ஆமாண்ணே. அப்படித்தான் போட்டுருக்கு."

"நல்லாப் படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்பச் சரி" என்றார். சிரித்த மாதிரிகூட இருந்தது. நான் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

வீட்டுக்குள் வந்து யோசித்தேன். மாமா கேட்டது நியாயமான கேள்வி. கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை சொல்லமாட்டார். மதினியின் அய்யாவுக்கு லெட்டர் எழுதினால்தானே தெரிந்திருக்கும்? அதுதான் எழுதவே இல்லையே. எங்கேயோ இடிக்கிறது என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்கு எனக்குப் பரிசாகக் கொடுத்த அகராதி அப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, விசாரணைக்கு முந்தைய நாள் காலையில் டவுனுக்கு பஸ் ஏறினேன்.

அகராதியில் அந்த வார்த்தைக்கு முதலில் பொருள், சரக்கு, துணி என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. முக்கியமான; ஒரு விஷயத்தின் முடிவையே மாற்றக்கூடிய அளவுக்கு முக்கியமான.

பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். கோர்ட் துணியைக் கேட்கவில்லை. முக்கியமான சாட்சி சொல்ல வா என்று எல்லோருக்கும் அனுப்புகிற அச்சுக் காகிதத்தில் மாமாவின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான். துணி என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. அடுத்த நிமிடம் ஒரு நிம்மதி வந்தது. போய்ச் சொல்லிவிட்டால் போதும். மாமா பிழைத்துக்கொள்வார். கூடப்பிறந்தவளின் மகனைக் காட்டிக்கொடுத்த பழி அவருக்கு வராது. பஸ்ஸில் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். சிறுமலை ஜன்னலில் கூடவே வந்தது. முக்கியமான என்ற சொல்லை மனதுக்குள் சொல்லச் சொல்ல, அது என் குரலில் இல்லாமல் மதினியின் குரலில் கேட்க ஆரம்பித்தது. அம்புட்டு முக்கியமில்ல. நாளைக்கு எழுதிக்கலாம். அவளிடம் முக்கியமா என்று கேட்ட அதே வாயால் இப்போது போய் இதைச் சொல்லப்போகிறேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமாவின் தங்கை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சாய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அத்தை நின்றார். மஞ்சள் சேலை மாமாவின் மடியில் இருந்தது. அண்ணன் நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

"எரிச்சுருண்ணே. உனக்குப் புண்ணியமாப் போகும். நீ பாத்ததை மட்டும் சொல்லு. தெரிஞ்சதைச் சொல்லாத" என்றார் மாமாவின் தங்கை.

"அவங்க கேட்டுட்டாங்களே. எரிச்சா என்னையில்ல உள்ள வைப்பாங்க" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா, செத்த நின்னு யோசிச்சுச் சொல்லு. அந்த வார்த்தைக்குத் துணின்னுதான் அர்த்தமா? வேற ஏதும் இருக்கா?"

நால்வரும் என் வாயைப் பார்த்தார்கள். அண்ணனின் கையில் நாடா இருந்தது. தறியிலிருந்து எழுந்து வந்தவர் கையோடு எடுத்து வந்திருப்பார், வேறொன்றும் இல்லை. அதன் இரும்பு முனையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"துணிதான் மாமா. வேற அர்த்தம் இல்ல" என்றேன்.

அடுத்த நாள் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மறுபடி ஏதாவது காகிதத்தைக் கொடுத்தால் படிக்க ஆள் வேண்டுமே. சேலை ஒரு மஞ்சப்பைக்குள் இருந்தது. கூண்டில் ஏறியவர், கேள்வி கேட்பதற்கு முன்பே பையைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்க கேட்ட மெட்டீரியல் இந்தா இருக்குங்க."

"யார் கேட்டது?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

மாமா சம்மனை நீட்டினார். "இதுல போட்டுருக்குங்க. என் மருமக படிச்சுச் சொல்லுச்சு."

கறுப்புக் கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் பின்னால் சாய்ந்துகொண்டு சிரித்தார். மாஜிஸ்ட்ரேட்டுக்கும் சிரிப்பு வந்தது. "பெரியவரே, இங்கே மெட்டீரியல் என்றால் முக்கியமான என்று அர்த்தம். துணி இல்லை" என்றார். மாமா மெதுவாகத் திரும்பி, கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அப்போது மாஜிஸ்ட்ரேட், "சரி, அது என்ன துணி?" என்றார்.

பிரித்து மேஜைமேல் போட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்கள். மாமாவுக்குத் துணியை வைத்துக்கொண்டு பொய் சொல்லத் தெரியாது. யாருடையது, என்றைக்குக் கொண்டுவந்தாள், என்ன சொன்னாள், எதை எதால் மறைக்கச் சொன்னாள், எல்லாம் சொன்னார். சாவதற்கு ஐந்து நாள் முன்பே அந்தத் தலையில் காயம் இருந்தது என்று ஆகிவிட்டது. பிறகு தெருவில் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். வழக்கு மதுரைக்குப் போனது. ஏழு வருடம் போட்டார்கள்.

சின்னப்பிள்ளை, தெரியாமல் சொல்லிவிட்டது என்று அத்தை எல்லோரிடமும் எனக்காகப் பேசினார். ஆனால் மாமா அதற்குப் பிறகு ஒரு காகிதத்தைக்கூட என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. பெங்களூர்க் கடிதம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு மூன்று தெரு தள்ளி ஒரு வாத்தியார் வீட்டுக்குப் போவார். சாகும்வரை அப்படித்தான் போனார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். எதிர் வீட்டுக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை. மாமா செத்ததற்குக்கூட அவர் தங்கை தெருவைத் தாண்டி வரவில்லை.

அறுபதுகளில் ஒரு மத்தியானம், நான் மட்டும் வீட்டில் இருந்தேன். எதிர் வீட்டில் பல வருடமாகக் கேட்காத தறிச் சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த என் விரல்களும் நின்றன. நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் நிலைப்படியில் நின்றார். தலை நரைத்திருந்தது. கை வெறுங்கைதான்.

"தங்கச்சி, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை.

"ரெண்டு அர்த்தம் இருக்குண்ணே. ஒண்ணு துணி. ஒண்ணு முக்கியம்."

"அன்னைக்கு உனக்கு எது தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். பின்வாசல் தாழ்ப்பாள் எவ்வளவு தூரம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. ஆனால் ஏழு வருடமாக இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

"ரெண்டும் தெரியும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. தண்ணீர் கேட்டார். செம்பில் கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"முதநா சாயங்காலம் அவ உங்கிட்ட லெட்டர் எழுத வந்தாள்ல? வாசல்ல இருந்து நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ காகிதமும் கையுமா உக்காந்து எழுதுன. அவங்க அய்யாவுக்குத்தான? அதுல என்னைப் பத்தி என்ன சொன்னா? அதைத்தான் விடிய விடியக் கேட்டேன். எழுதவே இல்லன்னு சாதிச்சா. என் கண்ணால பாத்ததை எங்கிட்டயே இல்லைங்கிறாளேன்னுதான் எனக்கு…"

செம்பைக் கையால் ஓரமாக நகர்த்தினார்.

"அது பெங்களூர்க்காரனுக்கு எழுதுனதுண்ணே. மதினிக்கு நான் எழுதித் தரல. முக்கியமான்னு கேட்டேன். அம்புட்டு முக்கியமில்லன்னு போயிட்டா."

"எழுதலையா?"

"இல்ல."

"எழுதலையா?" என்று மறுபடி கேட்டார். இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை.

அவர் தெருவைத் தாண்டிப் போனார். அன்று முழுவதும் எதிர் வீட்டுத் தறி ஓடவில்லை. என் மடியில் பாதி முடிச்சோடு சேலை கிடந்தது. எத்தனையாவது முடிச்சில் விட்டேன் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. மதினியைப் போல வாய்விட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.